எழுத்துக்கு இருபத்திரண்டு வெள்ளி

பெக்கான் லாலாங்கில் பெயர்ப்பலகைக் கடை
என்னுடையது ஒன்றுதான்.
எழுத்துக்கு இருபத்திரண்டு வெள்ளி.
இடைவெளிக்குக் காசில்லை.

செவ்வாய்க்கிழமை லோ வெய் ஹான் வந்தார்,
கையில் மடித்த தாள்.
அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கு
அதிகம் வைக்கிற சொற்களாம்:
லிங்கன், வாஷிங்டன், சென்ட்ரல்,
வேலி, கிரீக், ரிட்ஜ்,
ஓக், பைன், திரும்பவும் ஓக்.

"அதிபர் பேரு வேணாம் அண்ணே, அரசியல்.
கிரீக்னா ஓடை." அவரே சிரித்தார்.
அங்கே இருப்பது ஒரு லோங்காங்,
மழை பெய்தால் தாமான் முழுக்க அதன் வீடு.
ரிட்ஜ் என்றால் மேடு.
மேட்டை மார்ச்சில்தான் வழித்தெடுத்தார்கள்.
லாரி லாரியாக என் கடை வழியே போனது,
இன்னும் கண்ணாடி துடைக்கிறேன்.
வேலி பொருந்தும் என்றேன்,
சுற்றிலும் முள்கம்பிதானே.
அவருக்குத் தமிழ் தெரிந்த அளவு
அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

கடைசியில் ஓக்வுட் ஹைட்ஸ்.
ஓக் எப்படி இருக்கும்?
கைப்பேசியில் தேடிக் காட்டினார்.
நல்ல மரம்தான்.
பால் வருமா என்று கேட்க வாய்வரை வந்தது.
பள்ளி என்ற சொல்லே வேண்டாமாம்,
கட்டணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.
பதினான்கு எழுத்து, தங்க நிற அக்ரிலிக்,
முந்நூற்றெட்டு வெள்ளி.

மறுநாள் வேதநாயகி டீச்சர்.
தேசிய வகை கிளென்டர்ரி தோட்டத் தமிழ்ப்பள்ளி.
தோட்டம் விற்று ஆறு வருஷம்,
பள்ளி டவுனுக்கு வந்து நாலு.
எந்தத் துரை எந்த ஊர் நினைப்பில் வைத்த பெயரோ,
லயத்தில் நாங்கள் கிளாந்தேரி என்போம்.

"பேரை மாத்தணுமா டீச்சர்?"
"மனு, வாரியக் கூட்டம், அமைச்சுக் கடிதம்.
அதுக்குள்ள நான் ஓய்வு வாங்கிடுவேன்.
மூணு புள்ளி விழுந்துடுச்சு, அத மட்டும் போடுங்க.
ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைங்க
'தோட்டத தமிழப்பளளி'ன்னு எழுதுதுங்க.
கேட்டா, பார்த்து எழுதினோம் டீச்சர்ங்குதுங்க."

பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

புள்ளிக்கு என்ன விலை?
என் பட்டியலில் இல்லை.
"மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை,
அப்படின்னா பதினோரு வெள்ளியா?"
டீச்சரே கணக்குப் போட்டுப் பணப்பையைத் திறந்தார்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அன்று மாலை இயந்திரம் ஓக்வுட்டை வெட்டியது.
ஆங்கிலத்தில் அதற்கு வட்ட எழுத்து மூன்று.
மூன்றின் வயிறும் கழன்று
தட்டில் விழுந்து உருண்டன.
லோவிடம் முழுப் பணம் வாங்கினேன்.
ஓட்டைக்குக் கழிவு அவர் கேட்கவில்லை.

வியாழன் காலை ஏணியோடு போனேன்.
அளவு சற்றுப் பெரிதுதான்.
நீலப் பலகை, வெள்ளை எழுத்து,
மேலே மூன்று மட்டும் தங்கம்.
பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால்
முதலில் தெரிவது அவைதான்.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார்.
"ழகரத்து மேல இருக்கிறத
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க."
தள்ளினேன்.