காத்திருப்புக் காலம்

முத்தோரை பாலாடாவில் ராத்திரி இரண்டு மணிக்கு
கேரட் கழுவுகிற மெஷின் ஓடும்.
டிரம் உருளும், சேறு கரையும்,
ஓடைத் தண்ணீர் தெறித்து உதட்டில் பட்டால்
இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள்
யாரோ கம்பியைச் சுண்டுவார்கள்.

பதினோரு வருஷமாய்க் கேரட் கழுவுகிறேன்.
நாலு மாசமாய்
ஒரு கேரட்டைக் கடித்ததில்லை.

பிலோமின்ராஜ் வந்தான், ஜெர்கின் பையில் பாலிசித் தாளோடு.
வருஷத்துக்கு மூவாயிரத்து இருநூறு.
வேர் சிகிச்சைக்குப் பாதிப் பணம் கம்பெனி தரும்,
ஐயாயிரத்தைத் தாண்டாது.
முதல் பன்னிரண்டு மாசம் காத்திருப்புக் காலம்.
சுத்தம் பண்ணுவது சேராது.
உறை போடுவது அழகுக்காம், அதுவும் சேராது.
"இப்ப வலிக்கிறதுக்கு?"
தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"அது ஏற்கனவே இருந்த நோய்ங்ணா.
இனிமே வலிக்கப் போறதுக்குத்தான் இது."

எனக்குப் புரியாமல் இல்லை.
மேட்டுப்பாளையம் மண்டியிலும்
இதே பாஷைதான்.
மூட்டைக்கு விலை சொல்வார்கள், துண்டுக்குள் விரல் பிடிப்பார்கள்,
பிறகு வெடித்தது கழிவு, வளைந்தது கழிவு,
இரட்டைக் கால் விட்டது கழிவு.
சீட்டில் மிஞ்சுவது
லாரி வாடகையும் ஒரு டீயும்.

சேரிங் கிராஸில், கம்பளிக் கடைக்கு மேல் மாடியில்
டாக்டர் ஜெசிந்தா வேறு கணக்கு வைத்திருந்தார்.
உறுப்பினர் அட்டை.
நாலு பேருக்கு இரண்டாயிரத்து நானூறு.
வருஷத்தில் இரண்டு தடவை சுத்தம், ஒரு எக்ஸ்ரே,
எத்தனை முறை வாயைத் திறந்து காட்டினாலும் காசில்லை,
மற்றதுக்கெல்லாம் நூற்றுக்கு இருபது குறைவு.
இன்று சேர்ந்தால் இன்றைக்கே.
ஏழாயிரத்துப் பல் ஐயாயிரத்து அறுநூறு.

காலிச் சாக்கின் மேல், அடையாளம் போடுகிற நீல மையில்
தவச்செல்வி கூட்டிப் பார்த்தாள்.
அட்டையும் பல்லும் சேர்த்து எட்டாயிரம்.
அட்டையே இல்லாமல் போனால் ஏழாயிரம்.
"அப்புறம் ஆயிரம் ரூபா எதுக்கு?"
கேட்டவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
தன் ஈறில் விரலை வைத்து அழுத்தினாள்,
விரலைப் பார்த்தாள்,
தூங்குகிற பையனின் வாயைப் பார்த்தாள்.
சாக்கை மடித்து வைத்துவிட்டு
டப்பாவிலிருந்து பணம் எடுத்தாள்.

நான் பயந்தது வேறு.
பாலிசி எந்த ஊரிலும் செல்லுமாம்,
ஆனால் அந்தக் கம்பெனியின் முகத்தைக் கண்டவரில்லை.
அட்டை செல்வது ஒரே மாடியில், ஒரே நாற்காலியில்.
பர்லியாரில் மண் சரிந்து ரோடு அடைத்தாலும்
நாற்காலி மலைக்கு மேலேதான் இருக்கும், சரி.
டாக்டரம்மா கல்யாணமாகி
கனடாவுக்குப் போய்விட்டால்?
விளக்கு கண்ணைக் கூச, ஊசிக்கு முன்னால்
கேட்டேவிட்டேன்.
மாஸ்க்குக்கு மேலே கண் சுருங்கியது:
"பில்டிங்காரரும் மாசாமாசம் இதத்தான் கேக்கறார்."
அது பதில் இல்லை.
பதில் இல்லை என்பதை மறைக்கவும் இல்லை.
வாயைத் திறந்தேன்.

வெளியே வந்தால்
பெஞ்சில் பிலோமின்ராஜ்.
மப்ளருக்குள் வலது கன்னம் ஆப்பம் மாதிரி.
"என்னடா, நீயா?"
"மாத்திரை மட்டும் எழுதி வாங்கலாம்னு வந்தேங்ணா.
என் பாலிசிக்கு
இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு."
சொல்லும்போது பொய்யில்லை அவன் முகத்தில்.
விற்றதை நம்புகிறவன்.
நாள் எண்ணி எண்ணி வலியைச்
சேமித்து வைத்திருந்தான்.

அட்டையில் நாலு வரி.
நாங்கள் மூன்று பேர்.
ரிசப்ஷன் பெண்ணிடம் பேனாவை வாங்கி
நாலாவதில் அவன் பெயரை எழுதினேன்.
"உறவு?" என்றாள்.
மச்சான் என்றேன்.
மரத்த நாக்கில் அது பாதிதான் வந்தது.
அவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள்,
என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்,
சீலை மையில் தொட்டு
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே யாருக்கோ
மெஷின் ஓட ஆரம்பித்தது.