செமஸ்டருக்கு நானூற்றைம்பது

ஜெராக்ஸ் தாள் வந்த அட்டைப்பெட்டிதான்
வாக்குப்பெட்டி. பிளேடால் கீறிய வாய்.
கேள்வி ஒன்றே ஒன்று:
செமஸ்டருக்கு நானூற்றைம்பது கூடக் கட்டினால்
நீச்சல் குளம்.
ஆம். இல்லை.

எண்ணும் வேலை எனக்கும் சோலைராஜுக்கும்.
நாகமலை முதுகில் வெயில் சரிந்துகொண்டிருந்தது.
செக்கானூரணி பஸ் நாலு பத்துக்கே போய்விட்டது;
குளம் ஐந்து மணிக்குத் திறக்குமாம், நோட்டீஸில்.
பஸ்ஸில் போகிறவர்கள் போட்டதை
எண்ணாமலே சொல்லலாம் என்றான்.

சொல்ல முடியவில்லை.
ஆம் கட்டு வளர்ந்துகொண்டே வந்தது.
ஏப்ரலோடு கிளம்பிவிடுகிற மூன்றாமாண்டுக்காரர்கள்கூட
தாங்கள் ஒருநாளும் நனையாத தண்ணீருக்கு
அழுத்தி டிக் போட்டிருந்தார்கள்.
காசும் அவர்களுடையது இல்லை, என்றான்.

ஒரு சீட்டில் டிக்கே கிடையாது.
'விடுதி இரண்டாம் மாடிக் குழாயில்
தண்ணீர் வரட்டும், பிறகு கேளுங்கள்.'
'செல்லாது.'
சரி என்று
கண்ணாடி போட்ட மீன் வரைந்த சீட்டின்மேல் வைத்தேன்.

மூன்று சுழி ண-வுக்கு
நாலாவது சுழி போடுகிறவள்
இந்தக் கல்லூரியில் ஒருத்திதான்.
என் அறையில் இருக்கிறாள்.

பதினேழு வாக்கில் ஆம்.
என்னுடையது இல்லை-யில் ஒன்று:
நானூற்றைம்பது என்றால்
மெஸ்ஸில் பதினைந்து மதியம்.

இரவு, அரை வாளியைக்
காலால் என் பக்கம் தள்ளியபடி
'என்னடி ஆச்சு?' என்றாள் ஃபர்ஹானா.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கொசுவர்த்தியைப் பார்த்திருந்தாள்.
'நல்லதாப் போச்சு.
காலைல வாளியத் தூக்கிட்டு
அங்கயே போயிருவோம்.'