தயிர் திரிவதற்குள்

விரதம் எனக்கு.
வாசனைக்கு இல்லை.

நள்ளிரவிலிருந்து கொல்லையில்
நீளமாய் வெட்டிய குழிக்குள் எரிகிறது ஓக் விறகு.
அதன்மேல் வரிசையாய்ப் பித்தளைப் பானைகள்,
கழுத்து ஒடுங்கி, வயிறு பெருத்து,
மாதம் நிறைந்த பெண்கள்
வெயில் காய உட்கார்ந்ததுபோல.
பங்குனிக் குளிரில் சட்டையில்லாமல் நிற்கிறார்
சமையல்காரர் துர்கா தத்.
சுற்றிலும் சாம்பலால் ஒரு கோடு.
அதைத் தாண்டி என் அப்பாகூட வரக்கூடாது.

ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து
ஒவ்வொன்றாய்க் கண்டுபிடிக்கிறேன்:
இது கறுப்பு ஏலம்.
இது நெய்யில் விழுந்த பெருங்காயம்.
இது ராஜ்மா மத்ரா. தயிரை ஊற்றியதிலிருந்து
கரண்டி நிற்கவேயில்லை.
நின்றால் திரியும்.
திரிந்தால் துர்கா தத்துக்கு அடுத்த வேலை
ஆறு மலை தாண்டித்தான்.
வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது,
இருந்தும் என் வயிறு
கட்டிப்போட்ட நாய்போல முனகுகிறது.

அத்தை என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து
"நன்றாய்ச் சிவந்திருக்கு" என்கிறாள்.
எனக்கு அது
புளியும் வெல்லமும் கொதித்த கட்டாவின் நிறம்.
நக்கிப் பார்க்கலாமா என்றிருந்தது.

பத்து மணிக்கு மலை சரிந்தது.
இடி என்று நினைத்தோம்.
ராவி ஆற்றங்கரைச் சாலையில்
பாதிக் குன்று இறங்கி உட்கார்ந்துவிட்டது,
பந்திக்கு முந்திய விருந்தாளியாய்.

போனில் ஓங்கார்:
"நூற்றுப்பத்துப் பேர். இரண்டு பஸ். ஒரு பேண்டு செட்.
சாப்பிட பிஸ்கட் மட்டும்தான்.
மத்ரா என்ன, ராஜ்மாவா, கொண்டைக்கடலையா?"
"ராஜ்மா."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
இவனோடு வாழலாம் என்று
அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

ஊர்ச் சனம் முதல் பந்தியில் உண்டு எழுந்தது.
மாப்பிள்ளை பந்திக்கு விரித்த பாய்களில்
மழைச்சாரல் மட்டும் வந்து அமர்ந்தது.
அப்பா விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார்.
துர்கா தத் சொன்னது ஒரே வாக்கியம்:
"தயிர் யாருக்காகவும் காத்திருக்காது, மில்கி ராம்."

கீழே, சரிந்த மண்ணில்,
தும்காவிலிருந்து வந்த சாலைக் கூலிகள்
கடப்பாரையோடு நனைந்துகொண்டிருந்தார்கள்.
எங்கள் விருந்துகளில் அவர்களுக்கு
கடைசிப் பந்திக்கும் அப்புறம்,
வேலிக்கு வெளியே, வாளியில்.

"கூப்பிடுங்கள்" என்றேன்.
"முற்றத்துக்கு. மாப்பிள்ளை வரிசைக்கு."

அப்பா துர்கா தத்தைப் பார்த்தார்.
துர்கா தத் சாம்பல் கோட்டைப் பார்த்தார்.
மழை அதை எப்போதோ
ஆற்றுக்குக் கொண்டுபோயிருந்தது.
"என் கண் பானைக்குள்" என்றார்,
"பாயில் யார் என்று எனக்குத் தெரியாது."
பெரியப்பாக்கள் இருவர் கோபித்து எழுந்து போனார்கள்.
அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மூங்கில் ஈர்க்கால் தைத்த மந்தாரை இலைகள்.
சாந்த்முனி என்பவள்
மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி
அதில் குழந்தையை உட்காரவைத்தாள்.
சோறும் மத்ராவும் வந்தன, உண்டாள்.
இன்னும் கேட்டாள், உண்டாள்.
அப்புறம் உளுந்து வந்தது,
அப்புறம் கட்டா,
அப்புறம் திராட்சை மின்னும் இனிப்புச் சோறு.
அவள் முகத்தில் ஓர் ஏமாற்றம்:
முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!
இனிப்பை இலையோடு மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு
கடப்பாரையை எடுத்தாள்.

அவர்கள் வெட்டிய ஒற்றையடிப் பாதையில்
இரவு பதினொன்றுக்கு வந்தான் ஓங்கார்,
ஷூவைக் கையில் பிடித்தபடி.
மேளம் நனைந்து, அடித்தால் 'பொத்' என்றது.
வந்தவர்களுக்குக் கிச்சடி.

நெருப்பைச் சுற்றி முடித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.
துர்கா தத் கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே
ஒரு பானையை எங்கள் பக்கம் தள்ளினார்.
அடியில் பிடித்த மத்ரா,
ஒரு கை அளவு.

அதன் குறுகிய வாய்க்குள்
ஒரு நேரத்தில் ஒரு கைதான் போகும்.
முதலில் என்னுடையது போனது.