கடல் தெரியாத அறை

படிக்கட்டில் இன்று பதினோரு மணப்பெண்கள்.
எங்களுடையவள் ஏழாவது.
வெள்ளைக் கவுனின் வாலைச் சுருட்டி
மார்போடு அணைத்தபடி,
ரேஷன் கடையில் நிற்பவள்போல்
நகர்ந்து நகர்ந்து வருகிறாள் யிப் விங்சாம்.

ஹாங்காங்கில் கல்யாணம் என்றால்
இந்த வாசலில் ஒரு படமாவது வேண்டும்.
மோர் நிறச் சுவர், வளைவுகள், தூண்கள்.
கடற்காவல் நிலையமாக இருந்ததாம்.
குன்றைக் குடைந்து கீழே கடைகள் வைத்தார்கள்.
அதிகாரிகள் தூங்கிய மாடியை
ஹோட்டல் ஆக்கினார்கள்.
குன்று போய்விட்டது. ஆலமரம் மட்டும்
பழைய உயரத்திலேயே நிற்கிறது,
நாற்காலியை உருவிய பிறகும்
உட்கார்ந்திருக்கும் ஆள்போல.

கோபுரத்தில் ஒரு செப்புப் பந்து.
தினமும் பகல் ஒரு மணிக்கு விழுமாம்,
துறைமுகத்துக் கப்பல்கள் அதைப் பார்த்துக்
கடிகாரம் திருத்திக்கொள்ளுமாம்.
இப்போது விழுவதில்லை.
எனக்கு மட்டும் அதில் ஓர் உபயோகம் உண்டு:
பந்தின் இடது கன்னம் மங்கினால்
மேகம் வருகிறது என்று அர்த்தம்.

மங்கியது.
அந்த நேரம் பார்த்துப்
பெண்ணின் அப்பாவைக் காணோம்.
ரிஃப்ளெக்டரை சியூ பாங்கிடம் கொடுத்துவிட்டு
ஓடினேன். காப்பிக் கடையில் இல்லை,
கழிவறையில் இல்லை.

கைக்கடிகாரக் கடையில் இருந்தார்.
வாடகைக் கோட்டு; தோளில் இரண்டு விரல் மிச்சம்.
கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கவில்லை,
ஆள் உயரத்துக்கு மேலே
கம்பிகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து
பின்னால் விளக்குப் போட்டிருந்த
சின்ன சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் கையுறை போட்ட பெண்
பக்கத்தில் வந்தாள்.
"இங்கே ஒரு ராத்திரி தங்கியிருக்கேன்" என்றார்.
"ஓ, நம்ம ஹோட்டல்லயா! எந்த அறை?"
"கடல் தெரியாத அறை."
"அப்படி ஒண்ணு இல்லையே ஐயா"
என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார்,
ஏதோ நான் கேட்டதுபோல.
எழுபத்தைந்தாம் வருஷம்.
இடுப்பில் இரண்டு கூடைப்பந்து ப்ளாடர்.
சிப்பிப் பாறை முழங்காலைக் கிழித்ததாம்,
உப்புத் தண்ணீரில் வலி தெரியவில்லையாம்.
"விளக்கு தெரிஞ்சுது. கரைன்னு நீந்தினேன்.
ரோந்துப் படகு."
அங்கே இடமில்லை என்று
இங்கே கொண்டுவந்து போட்டார்கள்.
சோறும் உப்பு முட்டையும் தந்தார்கள்.
முட்டை நன்றாக இருந்தது,
அதை இரண்டு தடவை சொன்னார்.
"ராத்திரி முழுக்க மணி கேட்டேன்.
ஒருத்தனும் சொல்லல."
விடிந்ததும் லாரி. எல்லைப் பாலம்.
"அடுத்த தடவை மலை வழியா வந்துட்டேன்."

அவ்வளவுதான். கோட்டைச் சரிசெய்துகொண்டு
அந்தப் பெண்ணிடம் கேட்டார்:
"மணி என்னம்மா?"

கடையில் இருந்த எல்லாக் கடிகாரமும்
பத்து பத்தில் நின்று
மீசை முறுக்கிக்கொண்டிருந்தன.
அவள் கையுறையைக் கழற்றி,
பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்து
"நாலு இருபது" என்றாள்.
தலையாட்டினார்.
நன்றி சொன்னார், கொஞ்சம் அதிகமாகவே.

படிக்கட்டில் விங்சாமின் உதட்டுச் சாயம்
ஓரத்தில் கலைந்திருந்தது.
"எங்கப்பா போனீங்க?"
"வாட்ச் பாக்க."
"விலை?"
"எட்டு லட்சம் டாலர்."
"சரிதான்" என்று சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன்,
இன்றைய நல்ல படம் அதுதான்.

இறங்கும்போது கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அந்தக் கம்பி சன்னல் எவ்வளவு அழகு!
அப்பா, நீங்களும் நானும் மட்டும்
அங்கே ஒண்ணு எடுத்துக்கலாமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"அங்கே வெளிச்சம் பத்தாது" என்றார்.

பதினைந்து வருஷமாக இதுதான் என் தொழில்.
லைட் மீட்டரைப் பையில் போட்டு
ஜிப்பை இழுத்தேன்.
"ஆமா, பத்தாது" என்றேன்.

எட்டாவது பெண் அதற்குள்
பாதிப் படி ஏறியிருந்தாள்.