ஒரு மாத்திரை

என் மகளுக்கு நல்ல குரல் என்கிறார்கள்,
இந்த வேலைக்கு அது போதுமா என்று
ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்கிறார் டாக்ஸிக்காரர்.
ஸாக்ரெபில் டாக்ஸி ஓட்டும் எல்லோருக்கும்
நல்ல குரலில் ஒரு மகள் இருக்கிறாள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
குமிழ் திருகுகிறவன். யாரும் கேட்காத காது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் யாஸென்காவைத்தான்.

வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றுவாள்.
கம்பளிச் சட்டையைக் கழற்றுவாள், அது முணுமுணுக்கும்.
காலணியையும்; இடது கால் கீச்சிடும்.
பசியோடு வரமாட்டாள்,
வயிறு நடுவில் வசனம் பேசிவிடும்.
வயிறு புடைக்கவும் வரமாட்டாள்,
மூச்சு பாதி வாக்கியத்தில் இறங்கிக்கொள்ளும்.
பச்சை ஆப்பிளில் ஒரு துண்டு,
நாக்கின் பிசுபிசுப்பு போக.
பிறகு தாளைத் திருப்புவாள் பாருங்கள்,
தூங்கும் குழந்தையின் அடியிலிருந்து
போர்வையை உருவுவதுபோல.

வங்கி விளம்பரம் ஒன்று. இருபது நொடி.
கடன் வாங்குங்கள், கனவு காணுங்கள், அந்த வகை.
தொலைபேசியில் விளம்பர மேலாளர்:
"இன்னும் கொஞ்சம் கதகதப்பு.
ஆனால் கதகதப்பு தெரியக் கூடாது."
சொன்னாள்.
"புன்னகை கேட்க வேண்டும். பல் கேட்கக் கூடாது."
சொன்னாள்.
பதினோரு தடவை.
பதினோராவதிலும் முதல் தடவையின் முகம்.
கடைசியில் அவர் "அந்த முதலாவதையே போடுங்கள்" என்றபோது
நான் மேசைக்கடியில் பென்சிலை முறித்தேன்.
அவள் ஆப்பிளின் மீதியைத் தின்றுகொண்டிருந்தாள்.
அன்று காலைதான் அதே வங்கி
அவளுடைய கடன் மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தது.
எனக்கு அது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது ட்ராமைப் பற்றி.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தடத்தின் நிறுத்தங்களை
ஒரே மதியத்தில் பதிவு செய்தோம்.
அவள் கிழக்கே ஒசியெக் ஊர்க்காரி.
லிபோவிட்சா என்பதைத் தன் ஊர் வழக்கில்
லீபொவிட்சா என்றுவிட்டாள்.
ஒரு மாத்திரை பிசகு.
தொண்டைக்குப் போடும் மாத்திரை அல்ல,
கண் இமைக்கும் நேரம்.
குறில் இருக்க வேண்டிய இடத்தில்
நெடில் குந்திக்கொண்டது.
பேருக்கு முன்னால் அவள் இழுத்த சின்ன மூச்சை
வெட்ட மறந்தேன். அந்தப் பழி என்னுடையது.

அந்தப் பேட்டைக்காரர்கள் சிரித்தார்கள்.
பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள்.
காசு வேண்டாம், திருத்தித் தருகிறேன் என்று
யாஸென்கா மூன்று முறை போய் நின்றாள்.
கோப்பு மூடியாயிற்று என்றது நகராட்சி.
அவள் வீடும் அதே தடத்தில்.
போகவும் வரவும் தினம் இரண்டு தடவை
தன் பிழை தன் குரலில்
தலைக்கு மேலிருந்து விழ,
கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பாள்.
காதில் எதையும் செருகிக்கொண்டதில்லை.

போன மார்ச்சில் ஜன்னலோரம் ஒரு பையன்
நிறுத்தங்களை ட்ராமுக்கு முன்பே
சொல்லிக்கொண்டு வந்தானாம்.
அவளைப் போலவே, அந்தச் சின்ன மூச்சை இழுத்து:
"லீபொவிட்சா."
அவளால் பொறுக்க முடியவில்லை.
குனிந்து, "தம்பி, லிபோவிட்சா" என்றாள்.
பையன் ஏற இறங்கப் பார்த்தான்.
"நீங்க வெளியூரா?
நான் இங்கேதான் பிறந்தேன்.
லீபொவிட்சா."
சரி என்று இறங்கிவிட்டாள்,
ஒரு நிறுத்தம் முன்னதாகவே.

மறுநாள் இதைச் சொல்லும்போது சிரித்தாளா என்று
கண்ணாடியில் விளக்கு பட்டதால் தெரியவில்லை.
நதிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் அன்று.
தொடங்குமுன் தொலைபேசியை எடுத்து
ஆற்றங்கரை ஊர் ஒன்றின் தபால் நிலையத்தை அழைத்து
உங்கள் ஆற்றை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.
இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.
பிறகு கடிகாரத்தைக் கழற்றினாள்.

முதல் பெயருக்கு முன் ஒரு மூச்சு விழுந்தது.
"வெட்டிவிடவா?" என்றேன்.
"விடு" என்றாள். "அதையும் ஒருவன் மனப்பாடம் செய்வான்."

டாக்ஸிக்காரர் இன்னும் வாசலில் நிற்கிறார்.
உங்கள் மகளுக்குப் பச்சை ஆப்பிள் பிடிக்குமா
என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.