விலாசம் என்ற கட்டம்

மாநாட்டு மலரில் போடுவதற்குக் கேட்கிறார்கள்:
வாழ்க்கை, தொழில், பொழுதுபோக்கு.
ஒவ்வொன்றுக்கும் ஐம்பது சொல்.
அவற்றுக்கு மேலே சின்னதாய் ஒரு கட்டம், விலாசம்.
அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

லீவில் வந்திருக்கிறேன்.
அப்புத்தளைக்குக் கீழே ஊசிமலைத் தோட்டம்,
மேல்கணக்கு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
எழுதினேன்.
தெருப்பெயர் கட்டாயம் என்றது
திரையில் சிவப்பெழுத்து.

சரி, தொழிலைச் சொல்வோம். அது சுலபம்.
வானத்தில் செத்தவற்றுக்குக் கணக்கெழுதுகிறேன்.
காலாவதியான செய்மதி, கழன்ற மூடி,
உள்ளங்கையளவு தகடு,
யாரோ கைநழுவவிட்ட ஒரு சாவி.
அத்தனைக்கும் எண் உண்டு.
நாளைக் காலை ஆறு பதினேழுக்கு
அந்தச் சாவி எந்தக் கடலுக்கு மேலே என்று கேளுங்கள்,
சொல்கிறேன்.
பிசகினால் சில நூறு மீற்றர்.
அதுவும் சூரியனின் குற்றம்.
அது சினந்தால் மேல்காற்று தடிக்கும்,
போகிறவற்றின் காலைப் பிடித்து இழுக்கும்.

நட்சத்திரம் பார்த்து வளர்ந்தாயா என்பார்கள்
கூட வேலை செய்பவர்கள்.
எங்கள் பக்கம் வானம்
வருசத்தில் நாற்பது இரவு திறந்தால் அதிகம்.
நான் பார்த்து வளர்ந்தது தராசு.

கொழுந்து மடுவத்தில்
முள் நடுங்கி ஓயுமுன்னே
கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார்,
சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒன்று கழித்து.
எட்டு வயதில் அம்மாவின் துண்டுகளை
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்.
பதினாலு கிலோவைக் காணோம்.
காணாமல்போனதைத் தேடும் உத்தியோகம்
அன்றைக்கே கிடைத்துவிட்டது,
சம்பளம்தான் பிந்தி வந்தது.

வளாகத்துக் கடிதமும் பிந்தித்தான் வந்தது.
தோட்ட ஆபீஸ் இழுப்பறையில்
பத்தொன்பது நாள் படுத்திருந்தது.
மேல்கணக்கில் மூன்று மு. பவளராணி.
எவளுக்கென்று தெரியவில்லையாம் கிளாக்கருக்கு.
பதிவு முடிய ரெண்டு நாள் இருக்கையில்
ஆபீசுக்கு மீன் நிறுக்கப் போன ஜவ்பர் நானா
உறையின் முத்திரையைப் பார்த்துவிட்டு
சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி வந்தார்,
படிக்கட்டு முழுக்க என் பெயரைக் கூவிக்கொண்டு,
சூடை மீனைப்போல.
மற்ற ரெண்டு பவளராணியும்
வெளியே வந்து நின்றார்கள்.
ஒருத்தி இன்னும் இங்கேதான், நாலாம் நம்பர் மலையில்.
நேற்றுக் கண்டேன். சிரித்தாள்.
அதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது?

பொழுதுபோக்கு: உடைந்த குடைகள்.
குடைக்கம்பி ஐம்பத்துமூன்று சென்ரிமீற்றர்,
பழைய வானிலைச் செய்மதி பேசும் அலைவரிசைக்கு
அளந்து அடித்ததுபோல.
ரெண்டு கம்பி, ஒரு விளக்குமாற்றுக் கட்டை,
அண்ணனின் பழைய டோர்ச் வயர்.
பின்னேரம் கோழிக்கூட்டுக்கு மேலே ஏறி
விரித்துப் பிடித்தால்
தெற்கிலிருந்து அது எழுந்து வரும்,
தொண்டை கட்டிய பல்லியாய் டிக் டிக்கென்று.
செக்கனுக்கு ரெண்டு கோடு.
பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு தேசம்.

இன்று மதினி இந்துமதி கூட வந்தாள்,
கூடை முதுகோடு.
திரையில் கோடு கோடாய்க் கடல் கறுத்தது,
கரை தெரிந்தது.
“நம்ம லயம் எங்க?”
நடுவில் இருந்த வெள்ளையைத் தொட்டேன்.
இதுக்குள்ளே.
குனிந்து பார்த்தாள், என் கண்ணுக்குத் தட்டாத எதையோ.
“கெழக்கால இருந்து ஏறுது.
விடியவே பிடிச்சிரும், ரெட்டு எடுத்து வைக்கணும்”
என்று இறங்கிப் போனாள்.
என் மாதிரிக்கணக்கு
மதியத்துக்குப் பிறகுதான் மழை என்கிறது.
பார்ப்போம்.

திரும்பவும் அந்தக் கட்டம்.
ஆறு தசம் ஏழு ஏழு வடக்கு,
எண்பது தசம் ஒன்பது ஆறு கிழக்கு என்று கொடுத்தேன்.
சாவிக்குப் போதும் அது,
எனக்குப் போதவில்லை. சிவப்பு.
கடைசியில்
‘இலக்கம் 4, மடுவத்துத் தெரு’ என்று பொய் எழுதினேன்.
உடனே நம்பிவிட்டது.

அந்தத் தெருவுக்கு யாராவது கடிதம் போட்டால்
ஜவ்பர் நானாவின் மகனிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.
அவனும் மீன்தான் விற்கிறான்.