பதினான்காம் ஷரத்து

குளிர்சாதனங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை
குடியிருப்பவர் செலவில் சுத்தம் செய்து
ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.
நான் எழுதியதல்ல. எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான்.
இரண்டு வருடத்துக்கு எட்டு.
நிரோஷா விட்டுப்போன நீலக் கோப்பில் ஏழு.

செங்காங், பன்னிரண்டாம் மாடி.
காலி வீட்டுத் தரையில் சம்மணமிட்டு
ரசீதுகளைச் சீட்டுக்கட்டுபோல் பரப்பினேன்.
வைப்புத்தொகையில் தொண்ணூறு வெள்ளி பிடித்துக்கொள்ளலாம் என்று
பெட்ரிஷியா வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தாள்.
ஏஜென்டுகளுக்குக் கணக்கு தப்பாது.

முதல் ஜனவரி. மூன்று யூனிட்.
வடிகுழாயில் பழைய அடைப்பு, நீக்கப்பட்டது.
அது என் காலத்து அடைப்பு.
நான் இங்கே இருந்தவரை
ஒழுகினால்தான் ஆளைக் கூப்பிடுவேன்,
அதுவும் வாளி நிறைந்த பிறகு.

ஏப்ரல். வடிகட்டியில் பூனை முடி அதிகம்.
பூனையா?
வளர்ப்புப் பிராணி கூடாது என்பது ஒன்பதாம் ஷரத்து.
சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

ஜூலை. ரசாயனக் கழுவல் வேண்டாமாம்,
மருந்து நெடி அம்மணிக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அக்டோபர். இரண்டாம் அறையில் குழந்தைக் கட்டில்.
துணி போட்டு மூடிவிட்டு வேலை செய்தோம்.

அடுத்த ஜனவரி இல்லை.
கோப்பைத் தலைகீழாக உதறினேன்.
ஒரு கிளிப் விழுந்தது.

ஏப்ரல். இரண்டு யூனிட் மட்டும். இரண்டாம் அறை பூட்டியிருக்கிறது.
ஜூலை. இரண்டு யூனிட்.
அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர். மூன்று யூனிட்.
இரண்டாம் அறை: வடிகட்டியில் தூசியே இல்லை.

கையெழுத்து முதலிலிருந்து ஒரே ஆளுடையது,
கோழி கிளறியதுபோல்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து
ஏணியில் ஏறி இறங்கியவனுக்குத் தெரிந்தது.
வாடகை ஒவ்வொரு முதல் தேதியும்
என் கணக்கில் வந்து விழுந்தது,
அந்த ஜனவரியிலும்.
நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

இரண்டாம் அறைக்குப் போனேன்.
ரிமோட் ஆணியில் தொங்கியது.
பேட்டரிகளைக் கழற்றி
அதன் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.
சுவரில் நான்கு இடத்தில்
ஏதோ ஸ்டிக்கரைப் பிய்த்த பிசுக்கு.
ஒன்று மட்டும் முழுசாக வரவில்லை:
ஒரு மஞ்சள் கழுத்து, பாதி கொம்பு.

பேட்டரியைப் போட்டு அழுத்தினேன்.
மடல் திறந்தது.
வாடை இல்லை, சத்தம் இல்லை, ஒரு சொட்டு இல்லை.
குளிர் நேராக வந்து
நெற்றியில் பட்டது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை;
கை சிலிர்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

போன் அதிர்ந்தது.
எட்டாவது கிடைத்ததா, பெட்ரிஷியா.
இருக்கிறது என்று தட்டினேன்.

பிறகு நிரோஷாவின் எண்ணைத் தேடினேன்.
இரண்டு வருடத்தில்
நான் அவளுக்கு எழுதும் முதல் வரி.
எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும்.
கடைசியில்,
முழுத் தொகையும் அனுப்பிவிட்டேன்.
பூனை நலமா?